‘பயிற்சிக்குப் போனால் பென்ஷன் வருமா, அக்கா?’

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், தருமபுரியில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் வீட்டுத் தாய்மார்களுக்கும் நாங்கள் நடத்துகிற தலைமைப் பயிற்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வழக்கமாக இந்தப் பகுதிக்கு உதவித்தொகை, அடையாள அட்டை, மூன்று சக்கர வண்டி என்றுதான் கடிதம் வரும். இந்த முறை பாதிக்கு மேல் பயிற்சியைப் பற்றியே வந்திருக்கிறது. சிலர் பாராட்டியிருக்கிறார்கள், சிலர் நன்றாகத் திட்டியிருக்கிறார்கள். திட்டியவர்களையும் விடவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருப்பவள். சின்ன வயதில் போலியோ, இடது காலில் காலிப்பர் என்கிற தாங்கு கருவி. ஒன்றிய அளவில் மாற்றுத்திறனாளிகள் குழுக்களின் கூட்டமைப்பில் இருக்கிறேன்.

பாப்பாரப்பட்டி வாசகர்: என் மனைவிக்குக் கால் பாதிப்பு, 60 சதவீதம். மூன்று நாள் தலைமைப் பயிற்சிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. போனால் பென்ஷன் வருமா, அக்கா? தையல் பயிற்சி என்றாலாவது கடைசியில் மெஷின் கொடுப்பார்கள். இதில் என்ன கிடைக்கும்?

பென்ஷன் வராது, மெஷினும் கிடையாது. மதியச் சாப்பாடும் பஸ் காசும் உண்டு. உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள். முதல் நாள் காலையில் ஒவ்வொருவரும் தாங்கள் கொடுத்த மனு ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுப்பார். சுவர் நிறைந்ததும் பார்த்தால் எல்லாமே ‘எனக்கு’ என்றுதான் தொடங்கும். எனக்குச் சான்று, எனக்கு வண்டி, எனக்கு வீடு. தப்பே இல்லை, பசிக்கிறவர்தான் கேட்பார். ஆனால் அந்த மனு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த பிறகு எந்த அலுவலகத்துக்குப் போகிறது, எந்த மேஜையில் நிற்கிறது, யார் கையெழுத்தில் நகரும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மதியம் முழுக்க அந்தக் காகிதத்தின் பின்னாலேயே போவோம். அதைத் துரத்தும்போதுதான், பல பேருடைய மனு ஒரே மேஜையில் ஒரே காரணத்துக்காக நிற்பது தெரிய வரும்.

ஒரு உதாரணம். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்களிலிருந்து மருத்துவச் சான்றுக்கு வருகிறவர்கள் இரண்டு பஸ் மாறி வருவார்கள். வந்தால் எலும்பு டாக்டர் இருப்பார், காது டாக்டர் இருக்க மாட்டார். இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். கூட வருகிற ஆளுக்கும் அன்றைய கூலி போச்சு. இத்தனை பேரும் தனித்தனியாக ‘எனக்குச் சான்று வேண்டும்’ என்று எழுதிக்கொண்டே இருந்தால் காலம் முழுக்க எழுதலாம். ‘எல்லாப் பிரிவு டாக்டர்களும் ஒரே நாளில் எங்கள் ஒன்றியத்துக்கு வர வேண்டும்’ என்று சேர்ந்து எழுதினால் அது வேறு மனு. அதைப் படிக்கிற அதிகாரியின் முகமே மாறும். உங்கள் மனைவி கற்றுக்கொள்ளப் போவது அந்த இரண்டாவது மனுவை எழுத.

அந்த மூன்று நாளும் மாட்டுக்குத் தண்ணி காட்டுவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் உங்கள் பொறுப்பு. அதை உங்களுக்கான பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

காரிமங்கலம் கல்லூரி மாணவி: ‘அமைப்பு மாற்றம்’ என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். எனக்கு அது பெரிய சொல்லாக, காற்றில் பறப்பதாகத் தெரிகிறது. ஒரு கை, கால் வைத்துக் காட்டுங்களேன்.

நம் மாவட்டத்திலேயே இருக்கிறதே, கண்ணு. உங்கள் பாட்டியின் பல்லைப் பாருங்கள். காவி படிந்திருந்தால் அது வெற்றிலைக் கறையாக இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் புளோரைடு இருக்கிறது. போர் போட்டு எடுக்கிற தண்ணீரில் அது கரைந்து வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. காய்ச்சினாலும் போகாது. குழந்தைகளுக்கு முதலில் பல்லில் கறை படியும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் ஏறி மூட்டு இறுகும், முதுகு விறைக்கும், சிலருக்குக் கால் வளையும். எங்கள் கடைக்கு ரவிக்கை தைக்க வருகிற ஒரு அம்மாவுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். அளவு எடுக்கும்போது கையைத் தோளுக்கு மேல் தூக்க வராது என்பதால் அவருக்கு முன்பக்கம் கொக்கி வைத்து, கையை அகலமாக வெட்டித் தைப்பேன். வயதாகிவிட்டது என்று அவரும் நினைத்திருந்தார், ஊரும் நினைத்திருந்தது. வயது ஐம்பதைத் தாண்டவில்லை.

இப்போது யோசியுங்கள். அந்த அம்மாவுக்கு மாத உதவித்தொகை வாங்கிக் கொடுக்கலாம். கட்டாயம் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் அதே தெருவில், அதே குழாயில் குடிக்கிற அவருடைய பேத்திக்கு உதவித்தொகை என்ன செய்யும்? தண்ணீரை மாற்றினால்தான் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், புளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் என்று நீளமாக ஒரு பெயரில் வந்ததே, அது அதற்குத்தான். ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாயில், இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 2008-இல் அடிக்கல், 2013 மே மாதம் திறப்பு. ஒரு ஆளைக் குணப்படுத்துகிற வேலையை விட்டு, ஆட்கள் அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்கிற இடத்துக்குக் கையை வைத்தார்கள். நீங்கள் கேட்ட கையும் காலும் அதுதான்.

ஆனால் குழாய் போட்டதோடு முடியவில்லை. காவிரித் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர் தண்ணீர்தான். டேங்க்கில் இரண்டையும் கலந்து விடுகிற ஊரும் உண்டு. எந்த நாளில் எது வருகிறது, கடைசியாகத் தண்ணீரைப் பரிசோதித்தது எப்போது என்று ஊராட்சியில் யார் கேட்பது? முதுகு விறைத்தவர்கள் அந்தக் கூட்டத்துக்கே வருவதில்லை. கூட்டம் மாடியில் நடந்தால் எப்படி வருவார்கள்? அவர்களை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்து, அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் நாங்கள் சொல்கிற தலைமைப் பயிற்சி.

ஊத்தங்கரை வாசகர்: உள்ளாட்சியில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன உறுப்பினர் பதவி என்று சட்டம் வந்தது. எனக்கும் ஆசை இருக்கிறது. எனக்குக் கண் பார்வை குறைவு, டிகிரி முடித்திருக்கிறேன். பேச்சுப் பயிற்சிக்குப் போகட்டுமா?

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தைச் சொல்கிறீர்கள். ஊராட்சியிலிருந்து மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி செய்தது. பல வருடம் சங்கங்கள் தொண்டை கிழியக் கேட்டு வந்தது.

பேச்சுப் பயிற்சி வேண்டாம். நம் ஊரில் மைக் பிடித்துப் பேச ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மூன்று காகிதம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: கூட்டப் பொருள் பட்டியல், தீர்மானப் புத்தகம், எஸ்டிமேட் (கட்டட வேலைக்குப் போடுகிற செலவு மதிப்பீடு). உங்களுக்குப் பார்வை குறைவு என்பதால் முதல் கோரிக்கையே, பொருள் பட்டியலைக் கூட்டத்துக்கு முன்னாலேயே போனில் படிக்கிற மாதிரி எழுத்து வடிவில் அனுப்புங்கள் என்பதாக இருக்கட்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் செல்போன் அதை வாசித்துக் காட்டாமல் போகலாம், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எஸ்டிமேட் ஏன் என்கிறீர்களா? எங்கள் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவர், பத்தாவது வரை படித்தவர். அவர் ஊர் ஊராட்சி அலுவலகத்தில் சாய்வுதளம் கட்டியிருந்தார்கள். ரிப்பன் வெட்டியாயிற்று, போட்டோவும் வந்தாயிற்று. அந்தப் பெண் அதில் ஏறப் போனால் வண்டி பின்னால் சரிகிறது. இரண்டு பேர் தள்ள வேண்டும், இறங்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டும். சாயங்காலம் பையன்கள் சைக்கிளை அதில் விட்டுக் குதித்து விளையாட நல்ல வசதி.

பயிற்சியில் ஒரு பாடம், அளந்து பேசுவது. நான் கடையிலிருந்து இஞ்ச் டேப் கொண்டுபோயிருந்தேன். திண்ணை உயரம் 18 அங்குலம். சாய்வுதளத்தின் நீளம் 66 அங்குலம். அரசு வழிகாட்டு நெறிப்படி ஒரு அங்குலம் ஏற 12 அங்குலம் நீளம் வேண்டும். அப்படியென்றால் 216 அங்குலம், அதாவது 18 அடி. கட்டியிருந்தது ஐந்தரை அடி. இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், ஒரு பக்கமும் இல்லை.

அந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் படம் போட்டு எழுதி, கிராம சபையில் கொடுத்தார். “மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி செய்து தர வேண்டும்” என்று பொதுவாக எழுதியிருந்தால், ஆவன செய்யப்படும் என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். 66 என்றும் 216 என்றும் எழுதியதால் பதில் சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. ஓவர்சீயர் இடம் இல்லை என்றார். நேராகப் போக இடம் இல்லைதான். நடுவில் வண்டி நின்று திரும்ப ஒரு சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாமே என்று அந்தப் பெண்ணே வரைந்து காட்டினார். சில மாதம் இழுத்தது, கட்டினார்கள்.

இங்கே பலரும் நிறுத்திவிடுவார்கள். அவர் நிறுத்தவில்லை. அடுத்த கூட்டத்தில், இனி ஒன்றியத்தில் எந்தக் கட்டடத்துக்கு எஸ்டிமேட் போட்டாலும் சாய்வுதளத்தின் நீளம், கைப்பிடி, கழிப்பறைக் கதவின் அகலம் மூன்றும் தனியாக எழுதப்பட வேண்டும், அளவு சரியில்லாமல் பில் போகக் கூடாது என்று கேட்டார். கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 44-ஆவது பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியும் கூடாது, பணி முடிந்த சான்றும் கூடாது என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரதூரி வழக்கில், இந்த அளவுகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெண் கேட்டது முழுசாக நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதன் பிறகு வந்த ஒரு அங்கன்வாடி எஸ்டிமேட்டில் சாய்வுதளத்துக்குத் தனி வரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் எனக்குப் போன் செய்து கத்தியதில் என் காது அடைத்துவிட்டது.

நீங்கள் உறுப்பினர் ஆனாலும் ஆகாவிட்டாலும் அதே சட்டத்தின் 37-ஆவது பிரிவைக் கையோடு வைத்திருங்கள். வறுமை ஒழிப்புத் திட்டம், வீட்டுத் திட்டம், நிலம் ஒதுக்கீடு எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. பயனாளிப் பட்டியல் வாசிக்கும்போது அதை எண்ணிப் பார்க்கிற ஒரு ஆள் கூட்டத்தில் இருந்தால் போதும், பட்டியல் தயாரிக்கிறவர் அடுத்த முறை கவனமாக இருப்பார்.

பர்கூர் வாசகர்: இவ்வளவு பேசுகிறீர்களே, தேர்தலில் நிற்பீர்களா?

தீபாவளிக்கு இன்னும் தைக்காத துணி மலையாகக் கிடக்கிறது. முதலில் அதில் ஜெயிக்கிறேன்.

அரூர் வாசகி: என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு, வயது 19. சில சொற்கள்தான் பேசுவான். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. தலைமைப் பயிற்சிக்கு மகனையும் கூட்டி வாருங்கள் என்கிறார்கள். பேசாத பிள்ளைக்குத் தலைமைப் பயிற்சி எதற்கு? நான் போனால் போதாதா?

இரண்டு பேரும் போங்கள், அம்மா.

தாய்மார்களுக்குத் தெரிந்ததைப் போல வேறு யாருக்கும் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். அரசு அலுவலகப் படியேறி ஏறியே பாதிச் சட்டம் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 1987-இல் ஒரு பயிற்சி தொடங்கினார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ள சின்னப் பிள்ளைகளின் பெற்றோரையும், அதே குறைபாடு உள்ள பெரியவர்களையும் ஒரே வகுப்பில் சேர்த்து உட்கார வைத்தார்கள். சட்டம் எப்படி உருவாகிறது, மக்கள் பிரதிநிதியிடம் எப்படிப் பேசுவது என்று மாதம் ஒரு வார இறுதி, எட்டு முறை. பிறகு அது அங்கே பல மாநிலங்களுக்கும் வேறு நாடுகளுக்கும் பரவியது. அதில் எனக்குப் பிடித்தது அந்த ஒரே வகுப்பு என்ற ஏற்பாடுதான். பெற்றோர் மட்டும் இருந்தால் பேச்சு எங்கே போகும் தெரியுமா? ‘எங்கள் காலத்துக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்’ என்பதில் போய் நிற்கும். நியாயமான கவலை. ஆனால் அந்தப் பிள்ளை அதே அறையில் இருந்தால், ‘உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கும்’ என்ற கேள்வியும் வந்தே தீரும்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் வந்திருந்தான், உங்கள் மகன் வயதுதான். மூன்று படம் வைத்தோம்: ஆடு மேய்ப்பது, பேப்பர் கவர் ஒட்டுவது, டீக்கடை. அம்மா உடனே கவர் ஒட்டும் படத்தை எடுத்து, “இவனுக்கு இதுதான் பிடிக்கும்” என்றார். பையன் அந்தப் படத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு டீக்கடையைத் தொட்டான். மறுபடி கலைத்து வைத்தோம், மறுபடியும் அதையே தொட்டான். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த அம்மாவுடைய அண்ணனின் டீக்கடையிலேயே இப்போது தம்ளர் கழுவி, பக்கத்துக் கடைகளுக்கு டீ கொண்டுபோகிறான். பேசாவிட்டாலும், எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்லிப் பழகியவனை நாளைக்கு யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

இன்னொன்று. மகனுக்கு 18 முடிந்துவிட்டது. பாதுகாவலர் சான்று பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கும், அங்கே விண்ணப்பிக்கலாம். அந்தக் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளியும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் போகும்போது அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகர் (காது கேளாதவர், தங்கை எழுதிக் கொடுத்தது): ஒரு நிறுவனம் நடத்திய தலைமைப் பயிற்சிக்குப் போனேன். சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லை. “பக்கத்தில் இருப்பவர் எழுதிக் காட்டுவார்” என்றார்கள். அவர் மதியத்துக்குப் பிறகு எழுதவில்லை. கடைசியில் சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். எனக்கு எதற்கு அந்தச் சான்றிதழ்?

உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வருகிறது. உரிமையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற அறையிலேயே உரிமை இல்லையென்றால், அதைப் பயிற்சி என்று எழுதிக் கணக்குக் காட்டுவது அநியாயம். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. அவர்களுக்கு நீங்கள் எழுதுங்கள், அழைப்பை ஏற்பதற்கு முன்பு கேட்க வேண்டியதை எழுதுங்கள்.

நாள் முழுக்க நடக்கிற கூட்டத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் போதாது. இரண்டு பேர் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், அரை மணிக்கு மேல் ஒருவரே செய்தால் கையும் மூளையும் களைத்துவிடும். அந்தச் செலவை பட்ஜெட் போடும்போதே, பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் எழுத வேண்டும். மீதி இருந்தால் பார்க்கலாம் என்றால் மீதி இருக்கவே இருக்காது. இங்கே கூட்டம் நடத்துகிறவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்டது ‘ஆள் கிடைக்கவில்லை’ என்பது. சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரவழைக்கலாம், இரண்டு வாரம் முன்னால் சொல்லியிருந்தால். வீடியோ அழைப்பில் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறையப் பேர். தருமபுரியிலிருந்து போகிறவர்கள் செந்தமிழில் ஸ்லைடு போட்டு மூன்று நாள் பேசிவிட்டு வருகிறோம். அதில் எங்கள் கூட்டமைப்பும் சேர்த்திதான். இனி அந்தப் பக்கம் நடக்கிற வகுப்புக்கு அந்த ஊர் ஆட்களே பாடம் எடுக்க வேண்டும் என்று பேசி வருகிறோம். சம்மதம் என்றால் காது கேளாதோர் வகுப்பை நடத்த நீங்களும் வாருங்கள். தங்கையிடம் கேட்டு எழுதுங்கள்.

ஓசூர் வாசகர்: தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்க நிர்வாகம் தயார். அவர்களுக்கு என்ன பயிற்சி தரலாம்?

முதல் பயிற்சி உங்கள் சூப்பர்வைசர்களுக்கு. வேலைக்கு வந்தவர் மூன்றாம் மாதம் நின்றுவிடுவது பெரும்பாலும் வேலை தெரியாமல் அல்ல. லைனில் நிற்கிற சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருப்பார், கம்பெனி பஸ்ஸின் படி உயரமாக இருந்திருக்கும், கழிப்பறை அந்தக் கோடியில் இருந்திருக்கும். தீ விபத்துச் சங்கு அடித்தால் காது கேளாத தொழிலாளிக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நாள் ஷாப் ஃப்ளோரில் நின்று பாருங்கள். சுழல் விளக்கு ஒன்று போதும்.

சட்டமும் உங்களைக் கேட்கிறது. தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் (மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 21-ஆவது பிரிவு). 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் அதைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரும் வேண்டும். அந்தப் பொறுப்பை, ஏற்கனவே வேலையில் இருக்கிற மாற்றுத்திறனாளி யாருக்காவது கொடுத்து, அவரைத் தலைமைப் பயிற்சிக்குச் சம்பளத்தோடு அனுப்புங்கள்.

நல்லம்பள்ளி வாசகர்: நானும் இரண்டு பயிற்சிக்குப் போனேன். பை, பேனா, நோட்டு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எல்லாரும் கை கோத்துப் பாட்டுப் பாடினோம். அப்புறம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம். ஒன்றும் மாறவில்லை. உங்கள் பயிற்சியும் அப்படித்தானே?

உங்கள் கடிதத்தைக் கூட்டமைப்பில் உரக்க வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. பயிற்சி முடிந்த அடுத்த மாதம் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜூடி ஹியூமன் என்று அமெரிக்காவில் ஒரு அம்மா இருந்தார், போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். தீப்பிடித்தால் ஆபத்து என்று காரணம் சொல்லி அவருக்கு ஆசிரியர் உரிமம் மறுத்தார்கள், வழக்குப் போட்டு வாங்கினார். 1977 ஏப்ரலில் அவரும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் சான்பிரான்சிஸ்கோவில் அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கும் மேல் வெளியே வரவில்லை. அரசுப் பணம் வாங்குகிற இடங்களில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்ற சட்டம் 1973-லேயே வந்துவிட்டது, அதை நடைமுறைப்படுத்துகிற விதியில்தான் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார்கள். அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். போன் இணைப்பைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று வெளியே இருப்பவர்களுக்குச் சைகையில் செய்தி சொன்னார்கள். அவர்களில் சிலர் பதின்வயதில் ஒரே கோடை முகாமில் பழகியவர்கள். முகாம் முடிந்த பிறகும் ஒருவரை ஒருவர் விடவில்லை. அதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கம் செய்வதைச் சொல்கிறேன். ஒரு ஊரிலிருந்து ஒருவரை மட்டும் பயிற்சிக்கு எடுப்பதில்லை, இரண்டு பேராக வர வேண்டும். தனி ஆளாகத் திரும்பிப் போனால் ஊர் அவரை அழுத்திவிடும். மாதக் கூட்டத்துக்குப் பஸ் காசு உண்டு. டவுன் பஸ்ஸில் நமக்கும் துணைக்கு வருகிறவருக்கும் இலவசம்தான், ஆனால் பஸ் நிறுத்தம் வரை ஆட்டோவில் வர வேண்டியவர் இருக்கிறார், அவருக்கு அந்தக் காசு இல்லையென்றால் கூட்டமே இல்லை. நன்கொடை தருகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: பேனருக்குக் கொடுக்காதீர்கள், ஆட்டோவுக்குக் கொடுங்கள். மாதக் கூட்டத்தில் பாட்டு கிடையாது. போன மாதம் எடுத்த வேலை எந்த மேஜையில் நிற்கிறது என்று ஒவ்வொரு ஜோடியும் சொல்ல வேண்டும். நகரவில்லை என்றால் 10 ரூபாய்க்கு ஒரு தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில்.

இன்னொரு வழி நிறையப் பேருக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 23-ஆவது பிரிவின்படி, வேலை விஷயத்தில் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டினால் அந்தப் புகாரைக் கவனிக்க ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரைப் பதிவேட்டில் எழுதி இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். உங்கள் நல்லம்பள்ளியில் இருக்கிற ஒவ்வொரு அலுவலகத்திலும் அந்த அலுவலர் யார் என்று மட்டும் கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். பெயர் இல்லாத அலுவலகங்களின் பட்டியலே உங்கள் அடுத்த மனு.

பழைய நோட்டில் பக்கம் மீதி இருக்கும், அதிலேயே எழுதலாம். கூட வந்த இன்னொருவரைத் தேடிப் பிடித்து, இரண்டு பேராக எங்கள் மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். அதற்கு முன்னால் கிராம சபை வந்தால், உங்கள் ஊரில் எந்த இடத்தில் நடத்தப் போகிறார்கள் என்று ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் விசாரியுங்கள். படியேறிப் போகிற இடம் என்றால், கீழே மரத்தடியிலோ பள்ளி மைதானத்திலோ நடத்தச் சொல்லி அன்றைக்கே எழுதிக்கொடுத்து, ஜெராக்ஸில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.